ஈராக்கிலிருந்து திரும்பும் ராணுவப் போதகர்: நீங்கள் தேடும் படம்

ஈராக் போரிலிருந்து திரும்பும் ராணுவப் போதகர் (படைவீரர்களுக்கு ஆன்மிக ஆறுதல் தரும் மதகுரு) ஒருவரின் மணவாழ்வு முறியும் நிலைக்கு வரும் கிறிஸ்தவப் படம் எது என்று கேட்டிருந்தீர்கள். நீங்கள் தேடுவது, டேவிட் ஜி. எவன்ஸ் இயக்கி 2018 அக்டோபரில் அமெரிக்காவில் வெளியான 'இன்டிவிசிபிள்'. போதகர் டேரன் டர்னராக ஜஸ்டின் புருனிங்கும், மனைவி ஹெதராக சாரா ட்ரூவும் நடித்திருக்கிறார்கள். உண்மையான தம்பதியரின் வாழ்க்கையைத் தழுவிய கதை.

இணையத்தில் தேடும்போதெல்லாம் 'ஃபயர்புரூஃப்' என்ற வேறொரு படமே வருவதாகவும் எழுதியிருந்தீர்கள். கிறிஸ்தவ நம்பிக்கை, முறியும் நிலையிலுள்ள மணவாழ்வு என்ற சொற்களை மட்டும் கொடுத்துத் தேடியது காரணமாக இருக்கலாம். 2008இல் வந்த அந்தப் படத்தின் நாயகன் தீயணைப்பு வீரர். அதில் போர்க்களமே கிடையாது.

சரிபார்க்க ஓர் எளிய வழி: நாயகன் களத்திலும் ஆயுதம் ஏந்தாமல் இருக்கிறாரா என்று பாருங்கள். அமெரிக்க ராணுவப் போதகர்கள் போரிடாதவர்கள் என்பதால், அவர்களுடைய பாதுகாப்புக்கு ஆயுதம் தாங்கிய உதவியாளர் ஒருவர் உடன் செல்வார். ஜார்ஜியா மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்டூவர்ட் முகாமும், 2007இல் ஈராக்கில் அமெரிக்கப் படைபலம் பெருக்கப்பட்ட காலமும் கதையில் வந்தால் ஐயமே வேண்டாம். மற்றவர்களின் துயரத்தைப் பொறுமையாகக் கேட்டு ஆறுதல் சொன்ன மனிதர், வீடு திரும்பியபின் சொந்த மனைவியிடம் மனம்விட்டுப் பேச முடியாமல் இறுகிப்போகும் பகுதியே, என் பார்வையில், போர்க்காட்சிகளைவிட வலுவானது.

தலைப்பை மட்டும் நம்பி வாங்கிவிடாதீர்கள். ஒட்டிப் பிறந்த இரட்டைச் சகோதரிகளைப் பற்றிய 2016ஆம் ஆண்டு இத்தாலியப் படமும் ஆங்கிலத்தில் இதே பெயரில்தான் கிடைக்கிறது. தம்பதியர் குழுவுக்குத் திரையிடுவதானால், அவர்களில் போரிலிருந்து திரும்பியவர் எவரேனும் இருக்கக்கூடும் என்பதால், முதலில் நீங்கள் தனியே பார்த்துவிடுங்கள்.