ஃபைபர் போட்டால் கம்பியைக் குறைக்கலாமா?

கேள்வி: பெங்களூரில் வீடு கட்டுகிறோம். ரூஃப் 1,000 சதுர அடி, 5 அங்குலக் கனம், எம்25 வலிமைத் தரக் கான்கிரீட். சிமெண்ட் மூட்டைக்கு 125 கிராம் ஃபைபர் பாக்கெட் போட்டால் வலு கூடும், கம்பி இடைவெளியை 6 அங்குலத்திலிருந்து 8 ஆக்கலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?
- வாசகர், அல்சூர்

பதில்: ஃபைபர் போடுங்கள், கம்பியில் கை வைக்காதீர்கள். அந்தப் பாக்கெட்டில் இருக்கும் 12 மி.மீ. பாலிப்ரொப்பிலீன் (ஒருவகை பிளாஸ்டிக்) இழையின் வேலை முதல் சில மணி நேரத்தோடு ஏறக்குறைய முடிந்துவிடும். மார்ச், ஏப்ரலில் பெங்களூரின் வறண்ட காற்று ஈரக் கான்கிரீட்டின் மேல்பரப்பை உறிஞ்சும்போது வரும் வெடிப்புகளை அது கட்டுப்படுத்தும். அமுக்க வலிமை சொல்லிக்கொள்ளும்படி ஏறாது. அளவை இரட்டித்தால் கலவைக்குள் காற்று சிக்கி இறங்கவும் கூடும். வளையும் ரூஃபின் இழுவையைத் தாங்குவது கம்பிதான். இந்த இழையின் விறைப்பு இரும்பில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இடைவெளியை 8 ஆக்கினால் கம்பியில் கால் பங்கு போய்விடும்!

உங்கள் ரூஃபுக்குச் சுமார் 11.8 கன மீட்டர் கான்கிரீட் ஆகும். கன மீட்டருக்கு 7 மூட்டை என்றால் 83 பாக்கெட், பத்து கிலோவுக்குச் சற்று அதிகம்.

கெடுவது கலப்பதில்தான். பாக்கெட்டை மொத்தமாகக் கொட்டினால் பஞ்சு உருண்டையாகச் சுருண்டுகொள்ளும். மிக்சரில் பாதித் தண்ணீர், ஜல்லி, எம்-சாண்ட் போட்டு, சுழலும்போதே இழையைக் கையால் தூவுங்கள். பிறகு சிமெண்ட், மீதித் தண்ணீர். வழக்கமான 2 நிமிடத்துக்கு மேல் இன்னொரு நிமிடம் ஓடட்டும். ஒரு பிடி எடுத்து விரலால் பிரித்தால் இழைகள் தனித்தனியாகத் தெரிய வேண்டும்.

ஃபைபர் விழுந்ததும் கலவை இறுகினாற்போல் தெரியும். ஆட்கள் உடனே ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவார்கள். தயவுசெய்து ஊற்ற விடாதீர்கள், வலு போவது அங்கேதான். தண்ணீர் கூட்டாமலே கலவையை இளக்கும் பிளாஸ்டிசைசர் சேருங்கள். கியூரிங்கும் (ஈரம் காயாமல் நனைத்து வைப்பது) குறையக் கூடாது: பிபிசி (போர்ட்லேண்ட் பொசோலானா) சிமெண்ட் என்றால் குறைந்தது 10 நாள்.

கேள்வி: கார் நிறுத்தும் தரையில் கம்பி வலைக்குப் பதில் ஃபைபர் போதுமா?
- வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: மண்மேல் கிடக்கும் தரை என்பதால் முடியும். ஆனால் மேலே சொன்ன மெல்லிய இழை உதவாது. 40 முதல் 60 மி.மீ. நீளமுள்ள தடித்த மேக்ரோ ஃபைபர் வேண்டும். கன மீட்டருக்குப் பொதுவாக 3 முதல் 5 கிலோ. வெடித்த பிறகும் இரு பக்கத்தையும் பிடித்து வைப்பது இதுதான். சரியான அளவைப் பொறியாளர் கணக்கிட்டுத் தரட்டும். 5 அங்குலத் தரையென்றால் 10 முதல் 12 அடிக்கு ஒரு ஜாயிண்ட் (வெடிப்பு கண்டபடி ஓடாமல் இருக்க இடும் நேர் வெட்டு), கனத்தில் கால் பங்கு ஆழத்துக்கு, 24 மணி நேரத்துக்குள் வெட்டிவிடுங்கள்.