பென்னி பிளாக்: எழுத்து சொல்வது இடம், தகடு வேறு (கேள்வி பதில்)

கேள்வி: வணக்கம் சார். என்னிடம் உள்ள பென்னி பிளாக்கின் (1840-இல் பிரிட்டனில் வந்த ஒரு பென்னி கறுப்புத் தபால்தலை) கீழ் மூலைகளில் எம், எச் என்ற எழுத்துகள் இருக்கின்றன. இதை வைத்து அது எந்த அச்சுத் தகட்டில் அச்சானது என்று சொல்லலாமா?

பதில்: எழுத்து தாளில் உள்ள இடத்தை மட்டும்தான் சொல்லும். இடது எழுத்து வரிசை, வலது எழுத்து அந்த வரிசையில் எத்தனையாவது தபால்தலை என்பது. எம் 13-ஆவது வரிசை, எச் 8-ஆவது தலை. மேலே உள்ள 12 வரிசைக்கு 144, அதோடு 8. உங்களுடையது 152-ஆவது தலை. தாளுக்கு 240 தலைகள், 20 வரிசை, வரிசைக்கு 12. அன்றைய பிரிட்டன் கணக்கில் 12 பென்னி ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுன். ஒரு வரிசை ஒரு ஷில்லிங்குக்கும் முழுத் தாள் ஒரு பவுனுக்கும் போகட்டும் என்றே இந்த அமைப்பு. ஆனால் எல்லாத் தகட்டிலும் ஒரு எம்-எச் உண்டு. தகடுகள் 11; முதல் தகடு திருத்தத்துக்கு முன் 1ஏ, பின் 1பி என்று பிரிக்கப்படுவதால் 12 வகை எம்-எச் கிடைக்கும். அதில் உங்களுடையது எது என்று பிரிப்பதுதான் உண்மையான வேலை.

கேள்வி: எல்லாம் ஒரே படம்தானே சார், எதை வைத்துப் பிரிப்பது?

பதில்: ராணியின் முகம் உருளை வழியாகத் தகட்டில் 240 தடவை பதிந்தது, அதனால் எல்லாம் ஒன்றுபோல. எழுத்துக் கட்டங்கள் மட்டும் அந்த உருளையில் காலி. எழுத்துகளை ஒவ்வொன்றாக உளி வைத்துச் சுத்தியலால் அடித்தார்கள், தகட்டுக்கு 480 அடி. கை அடித்த எழுத்து ஒன்று மேலேறும், ஒன்று சாயும், ஒன்று கட்டத்தின் கோட்டைத் தொடும். இந்தத் தடுமாற்றம்தான் நமக்கு விரல்ரேகை.

1200 டிபிஐ-க்குக் குறையாமல் ஸ்கேன் செய்யுங்கள். போன் படம் வேண்டாம். சற்றுச் சாய்த்து எடுத்தாலே இடைவெளி மாறிவிடும். முதலில் இடது எழுத்து: கட்டத்தின் நான்கு பக்கத்திலிருந்தும் எவ்வளவு தள்ளி நிற்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறது என்று எழுதுங்கள். பிறகு வலது எழுத்து. இவற்றை 11 தகடுகளின் அதே இடத்துப் படங்களோடு ஒப்பிட்டால் பெரும்பாலும் இரண்டு மூன்றுதான் மிஞ்சும். அதன் பிறகு இரட்டித்த கோடு, விளிம்பில் தெரியும் வழிகாட்டிக் கோடு (தகட்டில் இடம் குறிக்கக் கீறியது) போன்ற நிலையான அடையாளங்களைத் தேடுங்கள். எழுத்து ஒன்று பொருந்தியதுமே முடிவு கட்டாதீர்கள். குறைந்தது இன்னொரு அடையாளமும் பொருந்த வேண்டும்.

கேள்வி: தபால் நிலையத்தில் குத்திய சிவப்பு மால்டா சிலுவை முத்திரை எழுத்தின் மேலேயே விழுந்திருக்கிறது அண்ணா.

பதில்: வண்ண ஸ்கேனில் சிவப்புச் சேனலை (படத்தின் சிவப்பு ஒளிப் பகுதியை) மட்டும் கறுப்பு வெள்ளையாகப் பாருங்கள். சிவப்பு மை தாளோடு கலந்து வெளுத்துவிடும், கறுப்பு அச்சு நிற்கும். கறுப்புக்குப் பின் 1841-இல் வந்த சிவப்புத் தலைமேல் (பென்னி ரெட்) கறுப்பு முத்திரை என்றால் இந்த வழி உதவாது. அப்போது எழுத்தைக் கழித்துக் கழித்துப் பிடிக்கலாம்: இடது மூலை ஏ முதல் டி (T) வரை, வலது மூலை ஏ முதல் எல் வரைதான். ஆகவே வலது மூலையில் ஓ போல ஒன்று தெரிந்தால் அது பெரும்பாலும் சி, ஜி அல்லது டி (D).

கேள்வி: 1ஏ, 1பி இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: எழுத்து இங்கே கைகொடுக்காது, ஒரே தகடுதானே. முதலில் கடினப்படுத்தாமல் அச்சிட்டதால் தகடு சீக்கிரம் தேய்ந்தது. பிறகு உருளையை மறுபடி பதித்துத் திருத்தினார்கள். மறுபதிவில் பழைய கோட்டின் பக்கத்திலேயே புதுக்கோடு நிற்கும். இந்த இரட்டிப்பு 1பி-யின் அடையாளம். மங்கலாக, கோடு அடங்கித் தெரிந்தால் 1ஏ-வின் தேய்ந்த நிலையாக இருக்கலாம். அச்சிடும்போது தாள் நழுவி ஏற்படும் மங்கலை இதோடு குழப்பாதீர்கள்: அது தலை முழுவதும் ஒரே திசையில் இழுபடும். மறுபதிவோ ஓரிடத்தில், அதே தகட்டின் அதே இடத்துப் பிரதிகளில் எல்லாம் தெரியும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1841-இன் சிவப்புத் தலை. அதைத் தகடு பிரித்து என்ன பயன்?

பதில்: நிறைய. 1பி, 2, 5, 8, 9, 10, 11 ஆகிய தகடுகளில் கறுப்பும் சிவப்பும் அச்சாயின. முதல் சிவப்புகளில் உங்களுடையது எந்தத் தகடு என்று தெரிந்தால், அதே எழுத்துள்ள கறுப்பை ஜோடி சேர்க்கலாம். இரண்டிலும் எழுத்துகள் நிற்கும் இடம் ஒன்றாக இருக்கும். மலிவான சிவப்பில் கண்ணைப் பழக்கிவிட்டுக் கறுப்புக்கு வருவதே நல்லது.

கேள்வி: பென்னி ரெட்டில் 77 தகடு கிடைத்துவிட்டது என்று நினைக்கிறேன் சார்!

பதில்: நிதானம். நான்கு மூலையிலும் எழுத்து உள்ள 1864-ஆம் ஆண்டு வகையில்தான் தகடு எண் பக்க அலங்காரத்துக்குள் இருக்கிறது. 77 மிக அரிது, 177 சாதாரணம். முன்னால் உள்ள 1-ஐ முத்திரை மறைத்திருக்கும், சிலர் சுரண்டியும் விடுகிறார்கள். எண் இடம், வலம் இரண்டு பக்கமும் உண்டு. இரண்டையும் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள், 7-க்கு முன்னால் தாளின் நார் கிளம்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். இரண்டு பக்கமும் சுத்தமாக 77 என்றே தெரிந்தால், பணம் கைமாறும் முன் நிபுணர் குழுவின் சான்றிதழ் வாங்கிவிடுங்கள்.