ஓடைக்குச் சாப்பாடு போடுவது யார்?

கேள்வி: எங்கள் ஊருக்கு மேலே கற்பூர மரத் (யூகலிப்டஸ்) தோப்பை வெட்டப் போகிறார்களாம். கீழே இருக்கும் ஓடை என்னாகும் என்று கம்ப்யூட்டரிலேயே கணித்துவிடலாம் என்கிறான் கல்லூரியில் படிக்கும் என் மகன். நம்பலாமா?
– ஒரு வாசகர், கோத்தகிரி

பதில்: தண்ணீரைப் பொறுத்தவரை ஓரளவு நம்பலாம். உங்கள் நீலகிரியிலேயே, கிளென்மார்கனில், அக்கம்பக்கத்து இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை (மழைநீர் வடிந்து ஓர் ஓடையில் சேரும் பரப்பு) எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டார்கள். மற்றதில் 1972இல் 59 சதவீதப் பரப்பில் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்தாண்டில் ஓடி வந்த நீர் 16 சதவீதம் குறைந்தது. வெட்டியபின் மறுபடி தழைத்த இரண்டாம் சுற்றில் குறைவு சுமார் 25 சதவீதம். மரத்தை எடுத்தால் நேர்மாறு. அமெரிக்காவில் ஹப்பர்ட் புரூக் காட்டில் 1965 கடைசியில் ஒரு நீர்ப்பிடிப்பை மொத்தமாக வெட்டிச் சாய்த்தபோது, முதல் வருடமே ஓடையில் 40 சதவீதம் போல நீர் கூடியது. மண்ணிலிருந்த நைட்ரேட் என்ற உரச்சத்தும் சேர்ந்து போனது வேறு கதை.

ஓடையில் இருக்கும் உயிர்களைக் கணிப்பதுதான் தலைவலி. மர நிழலில் ஓடும் சின்ன ஓடையில் வெயில் விழாது; பாசியும் அதிகம் வளராது. அங்கே சோறு போடுவது உதிரும் இலைதான். நான் வெங்காயம் வரும் வலைச்சாக்கில் எடைபோட்ட காய்ந்த இலையைத் திணித்து, கல்லோடு கட்டி ஓடையில் போட்டு, ஆறு வாரம் கழித்து எடுத்து மறுபடி எடை பார்ப்பேன். சோலை (நம் மலையின் இயற்கைக் காடு) மர இலை நரம்பு மட்டும் மிஞ்சிச் சல்லடையாக வரும். மெழுகும் எண்ணெயுமாக இருக்கும் கற்பூர இலையோ, ஓரத்தில் நாலு கடியோடு செருப்புத்தோல் மாதிரி அப்படியே கிடக்கும். (ஒரு ஜூலை மழையில் எட்டுச் சாக்கும் அடித்துக்கொண்டு போய்விட்டது. அந்த வருடக் கணக்கு அவ்வளவுதான்.)

உங்கள் மகன் சொல்லும் கம்ப்யூட்டர் மாடல் என்பது இந்த இலையின் வரவுசெலவுக் கணக்குதான். எவ்வளவு இலை வந்தது, பூஞ்சையும் புழுவும் தின்றது எவ்வளவு, வெள்ளம் கொண்டுபோனது எவ்வளவு. ஆனால் மரத்தை வெட்டினால் வெயில், சூடு, சேறு, நீர், இலை எல்லாமே ஒரே நாளில் மாறிவிடுகின்றன. பூச்சி குறைந்தால் எதனால் என்று எப்படிப் பிரிப்பது? வட கரோலினாவில் கவீட்டா ஆய்வுக்காட்டில் 1993இல் ஒரு வேலை செய்தார்கள். மரத்தைத் தொடவில்லை, ஓர் ஓடைக்கு மேல் வலை கட்டி இலை விழாமல் தடுத்துவிட்டார்கள். நிழல் அதே, தண்ணீர் அதே. இலை தின்னும் பூச்சிகள் குறைந்தன, அவற்றைத் தின்னும் பூச்சிகளும் குறைந்தன. பல்லி மாதிரி இருக்கும், தவளைக்கு உறவான சாலமாண்டரின் குஞ்சுகள்கூடச் சரியாக வளரவில்லை. கணக்கில் இலை என்ற ஒரு வரிக்கு மட்டும் தனியாக எண் கிடைத்தது அப்படித்தான். எனக்குத் தெரிந்து இதைவிட எளிமையான, கெட்டிக்காரச் சோதனை இல்லை.

ஆனால் அந்த மாடலை உங்கள் மகன் அப்படியே கோத்தகிரிக்கு இறக்கக் கூடாது. அங்கே இலை இலையுதிர்காலத்தில் ஒரே மூட்டையாக விழும். சோலையில் வருடம் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விழும். சரி, நம் ஓடைக்கென்று ஒரு கணக்கு வரும்வரை நீங்கள் செய்யக்கூடியது உண்டு. ஓடைக்கு இருபுறமும் கரையோரமாக ஒரு நீளப் பட்டையாக மரங்களை விட்டுவைக்கச் சொல்லுங்கள். லாரிப் பாதை ஓடையைக் குறுக்கே கடக்க விடாதீர்கள். வெட்டும்போது வரும் சேற்றில் பெரும்பங்கு அந்தப் பாதையிலிருந்துதான் வருகிறது.

கேள்வி: ஓடையில் விழுந்து கிடக்கும் பழைய மரத்தை அப்புறப்படுத்தலாமா?
– அதே வாசகர்

பதில்: வேண்டாம். அமெரிக்காவின் வடமேற்கில் மீனுக்குத் தடை என்று வருடக்கணக்கில் அப்படித்தான் இழுத்துப் போட்டார்கள். பிற்பாடு அது தப்பு என்று தெரிந்து, காசு செலவழித்து, மரத்தைத் திரும்ப ஓடையிலேயே கொண்டுவந்து போட்டார்கள்.