தந்தியும் தொலைபேசியும் வந்த பிறகும் விக்டோரியா காலத்துப் படித்தவர்கள் ஏன் ஆவிகளை நம்பினார்கள்? அந்தக் கால இலக்கியத்தில் அது எப்படித் தெரிகிறது?

கேள்வியில் "வந்த பிறகும்" என்று இருப்பதை "வந்ததால்" என்று மாற்றிக்கொள்ளுங்கள். பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

நான் தபால் தந்தித் துறையில் மோர்ஸ் கருவியோடு வேலை பார்த்தவன். சின்ன ஊர், சின்ன அலுவலகம். சவுண்டர் என்ற கருவி "கட்டு, கட, கட்டு" என்று தட்டிக்கொண்டே இருக்கும். அதைக் காதால் கேட்டு, கையால் எழுத்தாக எழுத வேண்டும். சில மாதங்கள் பழகிவிட்டால், எதிர்முனையில் இருப்பது யார் என்று தட்டும் நடையை வைத்தே சொல்லிவிடலாம். அடுத்த அலுவலகத்துக்காரர் ஒருவரின் முகத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் அவருக்கு உடம்பு சரியில்லாத நாள் எனக்குத் தெரியும். அவர் மாற்றலாகிப் போன அன்று வேறொரு கை தட்டியதும் மனசு திக்கென்றது. உடம்பு வராமல் ஆள் மட்டும் வருவது எனக்குக் கற்பனை அல்ல, தினசரி வேலை.

இதை மனதில் வைத்துக்கொண்டு 1848-க்குப் போங்கள். வாஷிங்டனிலிருந்து பால்டிமோருக்கு மோர்ஸ் தந்தி அடித்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது. நியூயார்க் மாநிலத்தின் ஹைட்ஸ்வில் என்ற சிற்றூரில் ஃபாக்ஸ் சகோதரிகளின் வீட்டில் "டக், டக்" என்று தட்டல் கேட்கிறது. கேள்வி கேட்டால் தட்டலில் பதில் வருகிறது. பிறகு எழுத்து எழுத்தாகவே செய்தி வருகிறது. தந்தி எப்படி வேலை செய்கிறதோ அப்படியே! இறந்தவர்களின் ஆவிதான் தட்டிப் பேசுகிறது என்று நம்பிய இந்த இயக்கத்தார் நியூயார்க்கில் நடத்திய ஒரு பத்திரிகையின் பெயரே "ஆவித் தந்தி". 1888-இல் மார்கரெட் ஃபாக்ஸ் மேடையேறி, அது கால்விரல் மூட்டைச் சொடுக்கி எழுப்பிய ஓசைதான் என்று ஒப்புக்கொண்டார். மறு வருடமே அந்த வாக்குமூலத்தைத் திரும்பப் பெற்றார். அதற்குள் இந்த நம்பிக்கை கடல் தாண்டி இங்கிலாந்தில் வேரூன்றிப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

யார் நம்பினார்கள் என்று பாருங்கள். அட்லாண்டிக் கேபிள் பணியில் இருந்த மின்பொறியாளர் க்ரோம்வெல் வார்லி, 1874-இல் ஃப்ளாரன்ஸ் குக் என்ற மீடியத்தின், அதாவது ஆவிகளோடு தொடர்புகொள்வதாகச் சொன்னவரின், உடம்பு வழியாக மின்சாரம் செலுத்தி, மாட்டிய கம்பியைக் கழற்றிக்கொண்டு எழுகிறாரா என்று மின்னோட்டம் காட்டும் கால்வனாமீட்டரில் பார்த்தார். கேபிளில் பழுது பார்க்கும் புத்தியை அப்படியே மீடியத்திடமும் காட்டியிருக்கிறார். இளமையில் தந்தி ஆபரேட்டராக இருந்த எடிசன் 1878-இல் பிளாவட்ஸ்கி அம்மையார் முதலானோர் நிறுவிய பிரம்மஞான சபையில் சேர்ந்தார். கம்பியில்லாத் தந்திக்கு வழிவகுத்தவர்களில் ஒருவரான ஆலிவர் லாட்ஜ் கடைசிவரை ஆவியுலகை நம்பினார். ஒருவர் மனதிலிருந்து இன்னொருவர் மனதுக்கு நேராகச் செய்தி போவதைக் குறிக்கும் "டெலிபதி" என்ற சொல்லே 1882-இல் பிரெடெரிக் மையர்ஸ் உண்டாக்கியது. டெலிகிராஃப், டெலிபோன் இரண்டிலும் இருக்கும் அதே "டெலி"தான், "தொலைவு" என்று பொருள்.

மையர்ஸும் நண்பர்களும் அதே வருடம் லண்டனில் ஆவி, டெலிபதி போன்றவற்றை ஆராயத் தொடங்கிய சைக்கிகல் ரிசர்ச் சொசைட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பும் கூட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். அடையாறு பிரம்மஞான சபையில் எங்கோ மறைந்து வாழும் ஞானிகளான மகாத்மாக்களின் கடிதங்கள் தபால் இல்லாமலே வந்து சேர்வதாகச் சொன்னபோது, 1884-இல் ரிச்சர்ட் ஹாட்ஜ்சனை அனுப்பி விசாரித்தவர்கள் அவர்கள்தான். எல்லாம் பிளாவட்ஸ்கி அம்மையாரின் மோசடி என்று அவருடைய அறிக்கை சொன்னது.

இலக்கியத்துக்கு வருகிறேன். கவிஞர் ராபர்ட் பிரௌனிங்குக்கு மீடியம்கள் என்றாலே ஆகாது. அவருடைய மனைவி எலிசபெத் நம்பினார். இவரோ ஒரு போலி மீடியத்தின் வாயிலாகவே நீண்ட கவிதை எழுதி அவர்களைத் தோலுரித்தார். 1889 ஏப்ரலில் ஒரு விருந்தில் குரலைப் பதிந்து திரும்ப ஒலிக்கும் எடிசனின் ஃபோனோகிராஃப் முன்னால் அவரைப் பேச வைத்தார்கள். தன் கவிதையைச் சொல்ல ஆரம்பித்தார், நடுவில் மறந்துவிட்டது. என் வரிகளே எனக்கு நினைவில்லையே, மன்னியுங்கள் என்கிறார். இணையத்தில் இருக்கிறது, கேளுங்கள். கரகரப்புக்கு நடுவே ஒரு வயதானவர் தடுமாறுவது அவ்வளவு பக்கத்தில் கேட்கிறது. அந்த டிசம்பரில் அவர் இறந்தார். சரியாக முதலாம் ஆண்டு நினைவு நாளில் நண்பர்கள் கூடி குரல் பதிந்திருந்த அந்த மெழுகு உருளையை ஓட விட்டார்கள். மீடியம்களை அவ்வளவு வெறுத்த மனிதரின் குரல், அவர் போன பிறகு ஒரு அறையில் ஒலித்தது. அந்த அறையில் இருந்தவர்களிடம் போய் "ஆவி பேசாது" என்று எந்த வாயால் சொல்வது?

பிராம் ஸ்டோக்கர் எழுதி 1897-இல் வந்த "டிராகுலா"வைப் பேய்க்கதையாகவே எல்லோரும் படிக்கிறார்கள். நான் அதில் படித்தது என் துறையை. டிராகுலாவுக்கு இரையாகிவரும் லூசி என்ற பெண்ணை இன்று இரவு காவல் காக்கத் தவறாதே என்று ஆண்ட்வெர்ப்பிலிருந்து வான் ஹெல்சிங் என்ற பேராசிரியர் தன் பழைய மாணவர் டாக்டர் செவார்டுக்குத் தந்தி அடிக்கிறார். முகவரியில் கார்ஃபாக்ஸ் என்று மட்டும் போட்டு, மாவட்டப் பெயரை விட்டுவிட்டார்கள். எசெக்ஸுக்கு வர வேண்டியது சசெக்ஸுக்குப் போய், 22 மணி நேரம் தாமதமாகக் கிடைக்கிறது. அந்த இரவில் லூசியின் தாய் சாகிறாள், சில நாளில் லூசியும். தாலுகா பெயர் இல்லாமல் "புதுப்பட்டி" என்று மட்டும் எழுதிய படிவத்தைக் கையில் வாங்கியவனுக்கு அந்தப் பக்கம் வயிற்றைக் கலக்கும்.

கதையின் பிற்பகுதியில், டிராகுலா ஏறிய கப்பல் எங்கே என்று லண்டனிலிருந்து தந்தி வருகிறது. அதே நாட்களில் வான் ஹெல்சிங், டிராகுலா கடித்ததால் அவன் மனதோடு பிணைந்துவிட்ட மீனாவை, லூசியின் தோழியை, ஹிப்னாடிசத்தில் ஆழ்த்தி, அவள் காதில் என்ன கேட்கிறது என்று விசாரிக்கிறார். தண்ணீர் அலம்பும் ஓசை என்கிறாள். இரண்டு தகவலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் முடிவெடுக்கிறார்கள். ஒன்று அறிவியல், மற்றது மாந்திரீகம் என்று பிராம் ஸ்டோக்கர் பிரிக்கவே இல்லை.

என்னைப் பிடித்து நிறுத்திய இடம் வேறு. செவார்ட் தன் டைரியை ஃபோனோகிராஃபில் பேசிப் பதிந்து வைத்திருக்கிறார். அதைக் கேட்ட மீனா, இந்தக் கருவி கொடூரமான அளவுக்கு உண்மை பேசுகிறது, இந்தக் குரலை இனி வேறு யாரும் கேட்கக்கூடாது என்று சொல்லி, எல்லாவற்றையும் தட்டச்சு செய்துவிடுகிறாள். சொற்கள் மட்டும் மிஞ்சுகின்றன. சாவுத் தந்தி அடிக்கும்போது எதிர்முனைக்காரரின் கை கொஞ்சம் நிதானப்படும். நான் அதைக் கேட்டிருக்கிறேன். படிவத்தில் எழுதியது "அப்பா காலமானார் உடனே வரவும்" மட்டும்தான்.