கவுண்டர் ஓரத்து ஸ்டூல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

போன இதழில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நெடுஞ்சாலையோரக் கடை ஒன்றில் விடியற்காலை நாலு மணிக்கு ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிட்ட கதையை எழுதியிருந்தேன். மேசைவிரிப்பு கிடையாது, பாட்டு கிடையாது, நீளமாக ஒரு கவுண்டர் (கோவைப் பக்கம் இந்தச் சொல்லுக்கு வேறு பொருள் உண்டு, பொறுத்துக்கொள்ளுங்கள்), அதற்கு அந்தப் பக்கம் சூடான கல், கல்லுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர். அவ்வளவுதான் கடை, டைனர் என்பார்கள். அதற்கு இவ்வளவு கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. முடிந்தவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: மகன் அட்லாண்டாவில் இருக்கிறான். மூன்று மாதம் தங்கப் போகிறோம். நானும் அவரும் சுத்த சைவம், முட்டைகூடக் கிடையாது. இந்த மாதிரிக் கடையில் எங்களுக்கு ஏதாவது கிடைக்குமா, இல்லை தயிர்சாதம் கட்டிக்கொண்டுதான் போக வேண்டுமா? (திருச்சி வாசகி)

தயிர்சாதம் வேண்டாம். ஆனால் விருந்தும் எதிர்பார்க்காதீர்கள். உங்களைக் காப்பாற்றப் போவது கிரிட்ஸ். வெள்ளை மக்காச்சோளத்தை ரவையாக உடைத்துக் கஞ்சிப் பதத்துக்குக் கிளறியது, மேலே ஒரு துண்டு வெண்ணெய். வடக்கே போனால் பல கடைகளில் இதைக் கேட்டாலே முழிப்பார்கள், தெற்கு மாநிலங்களிலோ இது இல்லாமல் காலைச் சாப்பாடு இல்லை. உப்பு, மிளகுத்தூள் கவுண்டரிலேயே இருக்கும். கைப்பையில் ஒரு சின்ன டப்பாவில் எலுமிச்சை ஊறுகாய் எடுத்துப் போங்கள், நான் நாலு வருஷம் அப்படித்தான் சாப்பிட்டேன், ஒருத்தரும் ஏனென்று கேட்டதில்லை.

அடுத்தது ஹாஷ் பிரவுன்ஸ், உருளைக்கிழங்கைத் துருவிக் கல்லில் முறுகலாகப் போட்டெடுப்பது. இங்கேதான் சிக்கல். அதே கல்லில்தான் பன்றியிறைச்சியும் வேகும், இரண்டுக்கும் ஒரே தோசைக்கரண்டிதான் ஓடும். இது உங்களுக்கு ஒத்துவராது என்றால் உருளையை விட்டுவிடுங்கள், ஏனென்றால் கல்லைக் கழுவிவிட்டுப் போடச் சொல்ல முடியாது, கேட்டாலும் காலை நேரக் கூட்டத்தில் நடக்காது. பிரெட் டோஸ்ட் பெரும்பாலும் தனி மிஷினில் போடுவார்கள்.

கண்ணுக்குச் சைவமாகத் தெரிந்து ஏமாற்றுகிறவை சில உண்டு. பான்கேக், வாஃபிள் இரண்டின் மாவிலும் முட்டை இருக்கும். பிஸ்கட் என்றால் நம் டீக்கடை பிஸ்கட் இல்லை, மெத்தென்று பன் மாதிரி ஒன்று, சில இடங்களில் பன்றிக் கொழுப்பு சேர்த்துப் பிசைவார்கள். அதன் மேல் ஊற்றும் வெள்ளைக் குழம்பில் பெரும்பாலும் இறைச்சிதான். பீன்ஸும் கீரையும்கூட தெற்கே பன்றி எலும்போடு வேகவைப்பதுதான் பழைய வழக்கம், "கீரைதானே" என்று கை வைத்துவிடாதீர்கள். "நான் வெஜிடேரியன்" என்று மட்டும் சொன்னால் போதாது, கோழி சாப்பிடுவீர்களா என்று அன்பாகக் கேட்பார்கள். இறைச்சி வேண்டாம், கோழி வேண்டாம், மீன் வேண்டாம், முட்டை வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: முட்டை எப்படி வேண்டும் என்று கேட்டார்கள். "நல்லா வேணும்" என்றேன். அந்தப் பெண் பேனாவைக் கையில் பிடித்தபடியே நின்றாள். என்ன சொல்லியிருக்க வேண்டும்? (ஈரோடு வாசகர்)

ஈரோட்டுக்காரருக்கா இது தெரியாது! கலக்கி, ஹாஃப் பாயில், ஃபுல் பாயில் என்று நாம் பிரிப்பது மாதிரியேதான் அவர்களும் பிரிக்கிறார்கள். "சன்னி சைட் அப்" என்றால் திருப்பாமல், மஞ்சள் மேலே தளதளவென்று இருக்க, அதாவது நம் ஹாஃப் பாயில். "ஓவர் ஈஸி" என்றால் ஒரு புரட்டுப் புரட்டி, மஞ்சள் உடையாமல் உள்ளே இளகலாக. "ஓவர் மீடியம்" அதற்கு ஒரு படி மேல். "ஓவர் ஹார்ட்" நம் ஃபுல் பாயில். "ஸ்க்ராம்பிள்டு" முட்டைப் பொடிமாஸ், ஆனால் வெங்காயமும் பச்சைமிளகாயும் இல்லாத, பத்தியச் சாப்பாட்டுப் பொடிமாஸ். கலக்கிக்கு நேரான சொல் மட்டும் எனக்கு அங்கே அகப்படவில்லை. நஷ்டம் அவர்களுக்கு.

வாஃபிள் ஹவுஸ் என்ற கடைத்தொடருக்குப் போனால் உருளைக்கிழங்குக்கும் இதேபோல் ஒரு பாஷை உண்டு. கல்லில் பரப்பிப் போட்டால் "ஸ்கேட்டர்டு", வெங்காயம் சேர்த்தால் "ஸ்மதர்டு", சீஸ் போட்டால் "கவர்டு", தக்காளி "டைஸ்டு", மிளகாய் "பெப்பர்டு", காளான் "கேப்டு". "சங்க்டு" என்றால் பன்றியிறைச்சித் துண்டு, "டாப்டு" என்றால் கொத்துக்கறிக் குழம்பு, "கன்ட்ரி" என்றால் நான் மேலே சொன்ன வெள்ளைக் குழம்பு. நமக்கு வேண்டியது ஸ்கேட்டர்டு, ஸ்மதர்டு, பெப்பர்டு. ஒரே மூச்சில் சொல்லிப் பாருங்கள், பரோட்டாக் கடையில் "ரெண்டு செட்டு, ஒரு வீச்சு, சால்னா தனியா" என்று கூவுகிற சுகம் இருக்கும்.

அதைவிட ஆச்சரியம் ஒன்று. பரிமாறுகிற பெண் ஆர்டரைச் சத்தமாகச் சொல்வார், கல்லுக்காரர் சீட்டு எதையும் பார்க்க மாட்டார். காலித் தட்டில் ஒரு ஜாம் பாக்கெட், ஒரு வெண்ணெய் டப்பா, ஊறுகாய் வில்லை என்று எதையாவது எடுத்து ஓர் இடத்தில் வைப்பார். எந்தப் பொருள், தட்டில் எந்தப் பக்கம், எப்படித் திரும்பி இருக்கிறது என்பதுதான் அவருக்குக் குறிப்பு. பத்துத் தட்டு வரிசையாக நிற்கும், பத்தும் வேறு வேறு ஆர்டர். நம்ம ஊரில் நாற்பது பேர் சாப்பிட்டதை மனதிலேயே கூட்டி கல்லாவுக்குக் கத்துகிற சர்வர்களைப் பார்த்தவன் நான், இருந்தும் அசந்துதான் போனேன்.

கேள்வி: அந்த வாஃபிள் ஹவுஸ் கடை திறந்திருக்கிறதா என்று பார்த்துத்தான் அரசாங்கமே புயல் சேதத்தைக் கணக்குப் போடுமாமே, கதையா நிஜமா? (கடலூர் வாசகர்)

பாதிக்கு மேல் நிஜம். வாஃபிள் ஹவுஸை 1955-ல் அட்லாண்டாவை ஒட்டிய ஏவண்டேல் எஸ்டேட்ஸில் ஜோ ராஜர்ஸ், டாம் ஃபோர்க்னர் என்ற அண்டைவீட்டுக்காரர்கள் இருவர் சேர்ந்து தொடங்கினார்கள். இருபத்து நாலு மணி நேரமும், வருஷம் முழுக்கத் திறந்திருக்கும் கடை. புயல் அடித்தாலும் எப்படியாவது திறந்துவிடுவது அவர்கள் வைராக்கியம். கரன்ட் இல்லையா, கேஸ் அடுப்பில் முடிந்ததை மட்டும் செய்வார்கள், அதற்கென்றே சுருக்கமான மெனு தயாராக வைத்திருப்பார்கள். அமெரிக்க அரசின் பேரிடர் மேலாண்மை நிறுவனமான ஃபீமாவின் தலைவராக இருந்த கிரெய்க் ஃபியூகேட் இதைக் கவனித்து ஓர் அளவுகோலாகப் பேச ஆரம்பித்தார். முழு மெனு கிடைத்தால் பச்சை, சுருக்க மெனு என்றால் மஞ்சள், கடையே மூடியிருந்தால் சிவப்பு. சிவப்பென்றால் ஊருக்குப் பலத்த அடி என்று அர்த்தம். இதை மட்டும் வைத்து யாரும் நிவாரணம் ஒதுக்குவதில்லை, களத்தில் முதலில் கிடைக்கும் ஒரு துப்பு, அவ்வளவே. தானே புயலைப் பார்த்த கடலூர்க்காரருக்கு விளக்க வேண்டியதில்லை, மறுநாள் தெருமுனை டீக்கடையில் பாய்லர் ஏறியிருந்தால் வருகிற தெம்பே தனி.

கேள்வி: டிப்ஸ் கட்டாயமா? சாப்பாட்டுக்குக் காசு கொடுத்த பிறகு எதற்கு? (சிவகங்கை வாசகர்)

சட்டப்படி கட்டாயமில்லை. ஆனால் வைக்காமல் எழுந்து வராதீர்கள். அங்கே டிப்ஸ் வாங்குகிற வேலையாளுக்கு முதலாளி கொடுத்தாக வேண்டிய மத்திய அரசுக் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 2.13 டாலர், 1991-லிருந்து அது ஒரு காசு ஏறவில்லை. மற்றவர்களுக்கு 7.25 டாலர். டிப்ஸும் சேர்ந்து அந்த 7.25-ஐத் தொடவில்லை என்றால் மீதியை முதலாளி போட வேண்டும் என்பது சட்டம். கலிஃபோர்னியா மாதிரிச் சில மாநிலங்களில் இந்தப் பித்தலாட்டம் கிடையாது, முழுக் கூலி கொடுத்தாக வேண்டும். ஜார்ஜியாவில் 2.13-தான். ஆக, கடைக்காரர் கொடுக்க வேண்டிய சம்பளத்தை நீங்கள் கொடுக்கிறீர்கள். அநியாயம்தான், ஆனால் அந்த அநியாயத்துக்கு எதிர்ப்பைக் காலைநேரச் சிற்றுண்டியில், காபி ஊற்றியவரின் தலையில் காட்டக் கூடாது.

நானே காட்டியிருக்கிறேன், தெரியாமல். போன புதிதில் சில்லறை கனக்கிறது என்று முப்பத்தைந்து சென்ட் நாணயங்களைத் தட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு, பெரிய மனசுக்காரன் என்ற நினைப்பில் வெளியே வந்தேன். ஒன்றுமே வைக்காதிருந்தால் மறதி என்று நினைத்திருப்பார்கள், சில்லறை வைத்தால் "உன் சேவை இவ்வளவுதான்" என்று சொல்வதாம். கூட வேலை பார்த்தவர் சொல்லித்தான் தெரியும். மறுவாரம் போய் ஐந்து டாலர் தாளை வைத்தேன், அதே பெண்தானா என்றுகூட நிச்சயமில்லை.

கணக்கு: பில்லில் 15 முதல் 20 சதவீதம். 10 டாலர் பில் என்றால் 2 டாலர் வையுங்கள். தாளாகத் தட்டின் விளிம்புக்கடியில் வைத்துவிட்டு, பில்லை எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்துக் கல்லாவில் பணம் கட்ட வேண்டியதுதான்.

கேள்வி: டைனர் என்பது பழைய ரயில்பெட்டியா? (அரக்கோணம் வாசகர்)

பெரும்பாலும் இல்லை. 1872 வாக்கில் ராட் ஐலண்ட் மாநிலத்தின் பிராவிடென்ஸ் நகரில் வால்டர் ஸ்காட் என்பவர் ராத்திரி நேரத்தில் பத்திரிகை அலுவலகத்துப் பக்கம் குதிரைவண்டியில் சாப்பாடு விற்றார். நம்ம தள்ளுவண்டிக் கடைதான். பிறகு வண்டிக்குள்ளேயே ஸ்டூல் போட்டார்கள், பிறகு சக்கரம் கழன்று ஒரே இடத்தில் நின்றுவிட்டது. தொழிற்சாலையில் முழுக் கடையாகவே செய்து, லாரியிலோ ரயிலிலோ ஏற்றி அனுப்பியதால் அந்த நீளமும் குறுகலும் வந்தன. ரயில்பெட்டிச் சாயல் அதனால்தான்.

கேள்வி: காபி? (கும்பகோணம் வாசகர், அஞ்சலட்டையில் இந்த ஒரே சொல்)

உங்கள் ஊர்க்காரரிடம் இதைச் சொல்லவே பயமாக இருக்கிறது. டிகாக்ஷனில் நாலு பங்கு தண்ணீர் விட்டு, பாலைத் தூரத்திலிருந்து காட்டிய மாதிரி இருக்கும். ஆனால் கப் காலியாகவே ஆகாது, குறையக் குறைய ஊற்றிக்கொண்டே போவார்கள், ஒரு கப்புக்குத்தான் காசு. மூன்றாவது கப்பில் பழகிவிடும்.

கேள்வி: லாரி ஓட்டுநரும் வக்கீலும் பக்கத்துப் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள் என்று உருகி எழுதியிருந்தீர்கள். எப்போதிலிருந்து? எல்லோருக்குமா அந்த ஸ்டூல்? (தூத்துக்குடி வாசகர்)

சரியான இடத்தில் பிடித்தீர்கள். அதை எழுதாமல் விட்டது என் தப்பு.

1960 பிப்ரவரி 1-ஆம் தேதி, வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ நகரத்து உல்வொர்த் கடைக்கு நான்கு கருப்பின மாணவர்கள் போனார்கள். எஸல் பிளேர், டேவிட் ரிச்மண்ட், ஃபிராங்க்ளின் மெக்கெய்ன், ஜோசஃப் மெக்நீல், கல்லூரியில் முதலாண்டு. அது பலசரக்கும் விற்கிற பெரிய கடை, உள்ளேயே சாப்பாட்டுக் கவுண்டரும் உண்டு. சாமான் விற்கிற பக்கத்தில் பற்பசை மாதிரிச் சில்லறைச் சாமான்களை வாங்கி ரசீதைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். அப்புறம் சாப்பாட்டுக் கவுண்டரில் போய் உட்கார்ந்து காபி கேட்டார்கள். இங்கே வெள்ளையருக்கு மட்டும்தான், தர மாட்டோம் என்றார்கள். எங்கள் காசை அந்தக் கவுண்டரில் வாங்கினீர்களே, இங்கே ஏன் வாங்க மாட்டீர்கள் என்பதுதான் அவர்கள் கேள்வி, ரசீது அதற்குத்தான். கடை மூடும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் இன்னும் பலர் வந்தார்கள், சில நாளில் நூற்றுக்கணக்கில், சில வாரங்களில் தெற்கே ஊர் ஊராகப் பரவியது. உட்கார்ந்தவர்களின் தலையில் எதிர்த்த வெள்ளையர்கள் சர்க்கரையையும் கெட்சப்பையும் கொட்டினார்கள், சிகரெட்டால் சுட்டார்கள், ஸ்டூலிலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். கிரீன்ஸ்பரோ கவுண்டர் ஜூலை 25-ஆம் தேதி எல்லோருக்கும் திறந்தது. அங்கே முதலில் உட்கார்ந்து சாப்பிட்டவர்கள் அந்தக் கடையிலேயே வேலை பார்த்த கருப்பின ஊழியர்கள். அத்தனை நாளும் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்றவர்கள். அந்தக் கவுண்டரின் ஒரு பகுதி இன்று வாஷிங்டன் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஸ்டூல்களோடு இருக்கிறது, பார்த்திருக்கிறேன், உட்கார விடமாட்டார்கள்.

நம்மைப் பற்றியும் ஒரு வரி சொல்லாவிட்டால் நீங்கள் மறுபடியும் எழுதுவீர்கள். ஓட்டல் போர்டில் இருந்த "பிராமணாள்" என்ற சொல்லை எடுக்கச் சொல்லி 1957-ல் திருவல்லிக்கேணி முரளி கபே வாசலில் பெரியாரின் திராவிடர் கழகத்தார் மாதக்கணக்கில் மறியல் செய்து சிறைக்குப் போனார்கள். டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றிய செய்தி அதற்கப்புறமும் எத்தனை தடவை படித்துவிட்டோம்.

கேள்வி: வயது அறுபத்திரண்டு, கணவர் இல்லை. மகன் வேலைக்குப் போனபின் நான் மட்டும் தனியாக அந்த மாதிரிக் கடைக்குப் போய் உட்கார்ந்தால் ஒரு மாதிரியாகப் பார்ப்பார்களா? இங்கே "எத்தனை பேர்மா? ஒருத்தர்தானா?" என்று கேட்பதிலேயே பாதிப் பசி போய்விடும். (மதுரை வாசகி)

அம்மா, அந்த ஸ்டூலே தனியாக வருகிறவருக்காகப் போட்டதுதான். நாலு பேர் மேசையை ஒருத்தராகப் பிடித்துக்கொண்டிருக்கிறோமே என்ற உறுத்தலுக்கே இடமில்லை. ஸ்டூலில் பாதிக்கு மேல் ஒற்றை ஆட்கள்தான், அவர்களில் உங்கள் வயதுப் பெண்களையும் நிறையப் பார்த்திருக்கிறேன். பேச விருப்பமிருந்தால் பேசலாம், இல்லையென்றால் கல்லைப் பார்த்துக்கொண்டிருக்கலாம், அது டிவி சீரியலைவிட நன்றாகவே ஓடும். பரிமாறுகிறவர் உங்களை "ஹனி" என்றோ "டார்லின்" என்றோ கூப்பிடுவார், திடுக்கிடாதீர்கள், கொங்குப் பக்கத்தில் "என்ன கண்ணு" என்பது மாதிரிதான், எல்லோருக்கும் அதே.

ஒன்றே ஒன்று. அந்த ஊர்களில் பல இடத்தில் நடைபாதையே கிடையாது, கடை அரை மைலில் தெரிந்தாலும் ஆறு தடச் சாலையைத் தாண்ட வேண்டியிருக்கும், நடந்து கிளம்பிவிடாதீர்கள். முதல் நாள் மகனை அலுவலகம் போகிற வழியில் காரில் கொண்டுபோய் விடச் சொல்லுங்கள். "நானும் உட்காரட்டுமா" என்று கேட்பான். வேண்டாம், நேரமாச்சு, போயிட்டு மத்தியானம் வா என்று அனுப்பிவிடுங்கள்.