1942 குண்டுவீச்சுக் காலத் திருகோணமலைப் படங்களை எப்படித் தேடுவது?

1942 ஏப்ரல் 9 யப்பானியக் குண்டுவீச்சின் படங்களென்றால், லண்டன் இம்பீரியல் போர் அருங்காட்சியகத்தின் இணையப் பட்டியலில் தொடங்குங்கள். ‘ஸ்ரீலங்கா’ என்று தேடினால் பெரும்பாலும் ஏமாற்றம்தான். அன்றைய குறிப்புகளில் இருப்பது ‘சிலோன்’. ‘ட்ரிங்கோமலீ’, ‘சைனா பே’ (சீனக்குடா), ‘ஈஸ்டர்ன் ஃப்ளீட்’ (பிரித்தானியரின் கிழக்குக் கப்பற்படை) என்றும் ஆங்கிலத்தில் தட்டுங்கள்.

போர்க்காலத் தணிக்கையால் சில படங்களில் இடப்பெயரே இராது. அப்போது கப்பல் பெயரால் போவதே நல்ல வழி: அன்றே மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கிய பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் ‘ஹெர்மிஸ்’, கூடவே அழிந்த ‘வேம்பயர்’. பின்னது ஆஸ்திரேலியக் கப்பல். ஆகவே கன்பரா போர் நினைவகத்தையும் கட்டாயம் பாருங்கள்.

படத்தின் பட்டியல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், அச்சுத்தரப் பிரதி கேட்க அது தேவை. குறிப்பிலுள்ள திகதி சிலவேளை படத்தை வெளியிட்ட நாளாக இருக்கும். இடத்தில் சந்தேகமென்றால் கரையோர வளைவையும் சீனக்குடா எண்ணெய்க் குதங்களையும் வரைபடத்தோடு ஒப்பிடுங்கள்.