கோயில் சாவி யார் கையில்? கேட்டவர்களுக்குப் பதில்

கோயில், அரசு, சட்டம் ஆகிய மூன்றையும் பற்றி வந்த கேள்விகளுக்கு எனக்குத் தெரிந்தவரை பதில் எழுதியிருக்கிறேன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அறநிலைய வழக்குகள் நடத்தியவன் நான். கோயிலுக்காக நின்றிருக்கிறேன், பரம்பரை அறங்காவலருக்காக நின்றிருக்கிறேன், அவர்கள் இருவரும் வெளியேற்றப் பார்த்த குத்தகைதாரருக்காகவும் நின்றிருக்கிறேன். ஆகவே எந்தத் தரப்பின் கோபமும் எனக்குப் புதிதில்லை. தாராளமாகத் திட்டலாம்.

மதச்சார்பற்ற நாடு என்கிறோம். அப்படியிருக்க அரசுக்குக் கோயிலுக்குள் என்ன வேலை? (திருச்சியிலிருந்து ஒரு கல்லூரி மாணவர்)

தம்பி, மதம் இருக்கும் தெருவுக்கே அரசு போகக் கூடாது என்பது அமெரிக்கப் பாணி. நம் அரசமைப்புச் சட்டத்தை எழுதியவர்கள் அப்படி எழுதவில்லை. 25ஆவது பிரிவு எல்லோருக்கும் வழிபாட்டு உரிமையைக் கொடுக்கிறது. கொடுத்த கையோடு இரண்டு விதிவிலக்குகளையும் வைக்கிறது. மதத்தோடு ஒட்டியிருக்கும் பணம், சொத்து போன்ற உலகியல் காரியங்களை அரசு ஒழுங்குபடுத்தலாம் என்பது ஒன்று. சமூகச் சீர்திருத்தத்துக்காகவும், பொதுவான இந்துக் கோயில்களை எல்லாப் பிரிவு இந்துக்களுக்கும் திறந்துவிடுவதற்காகவும் சட்டம் செய்யலாம் என்பது மற்றொன்று.

அதாவது அரசு தவறிப்போய் உள்ளே வந்துவிடவில்லை. தெரிந்தேதான் கதவைத் திறந்து வைத்தார்கள். எதுவரை வரலாம் என்பதுதான் 1950 முதல் நடக்கும் சண்டை. சுவாமிக்கு எத்தனை காலப் பூசை என்பதில் அரசு தலையிட முடியாது. அந்தப் பூசைக்கு வாங்கிய எண்ணெய்க்கு ரசீது எங்கே என்று கேட்கலாம். உடுப்பி சிரூர் மடத்து வழக்கில் 1954இல் உச்ச நீதிமன்றம் போட்ட கோடு ஏறக்குறைய இதுதான். கேட்க எளிமையாக இருக்கும். எண்ணெயைக் குறைத்தால் விளக்கு அணைந்துவிடும் அல்லவா? அங்கே ஆரம்பிக்கும் வழக்கு.

கோயில்களை அரசு பிடித்துக்கொண்டது வெள்ளைக்காரன் தொடங்கிவைத்த கொள்ளை என்கிறார்களே? (சென்னை வாசகர்)

தொடங்கியது அவர்கள்தான். ஆனால் பதறிக்கொண்டு கைகழுவியதும் அவர்கள்தான் என்பதை இதைச் சொல்பவர்கள் சொல்வதில்லை.

1817இல் சென்னை மாகாணத்துக்கு 7ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. கோயில், சத்திரம், கட்டளைகளின் சொத்துகள் வருவாய் வாரியத்தின் கண்காணிப்பில் வந்தன. கலெக்டர்கள் கோயில் கணக்குப் பார்த்தார்கள், திருவிழாவை நடத்தினார்கள், தேர் இழுக்க ஆள் திரட்டினார்கள். அவர்களில் சிலருக்குப் பக்தியே வந்துவிட்டது. மதுரை கலெக்டராக இருந்த ரௌஸ் பீட்டர் மீனாட்சி அம்மனுக்குத் தங்கத்தில் அங்கவடி (குதிரைச் சேணத்தில் கால் வைக்கும் வளையம்) செய்துகொடுத்த கதை மதுரைக்காரர்களுக்குத் தெரியும்.

இது இங்கிலாந்தில் பாதிரிமாருக்குப் பொறுக்கவில்லை. கிறிஸ்தவ அரசாங்கம் விக்கிரக ஆராதனையை நடத்துவதா என்று கிளர்ச்சி செய்தார்கள். இந்துத் திருவிழாக்களுக்குப் பட்டாளம் மரியாதை செலுத்தும் வழக்கத்தை ஏற்க மாட்டேன் என்று சென்னைப் படையின் தலைமைத் தளபதி பெரகிரின் மெய்ட்லண்ட் பதவியையே விட்டுவிட்டார். 1840களில் கிழக்கிந்தியக் கம்பெனி கோயில்களிலிருந்து விலகியது. 1863ஆம் ஆண்டுச் சட்டம் அந்த விலகலை முழுமையாக்கியது. மதநம்பிக்கை அரசுக் கொள்கையை மாற்றியதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. என்ன, அது பக்தர்களின் நம்பிக்கை அல்ல, பாதிரிமாருடைய நம்பிக்கை.

விலகியதும் என்ன ஆயிற்று? தர்மகர்த்தாக்களைக் கேட்க ஆள் இல்லை. கோயில் நிலம் மைத்துனர் பெயருக்கும் மருமகன் பெயருக்கும் போயிற்று. ஊருக்கு ஊர் வழக்கு. அரசு கண்காணிக்க வேண்டும் என்று மனுப்போட்டவர்களில் படித்த பக்தர்களே நிறையப் பேர். அந்தக் கோரிக்கைதான் சென்னை மாகாண முதல்வராக இருந்த பனகல் அரசர் காலத்து 1925ஆம் ஆண்டுச் சட்டமாக வந்தது. அதன் வாரிசுதான் இப்போதுள்ள 1959ஆம் ஆண்டு அறநிலையச் சட்டம். கொள்ளை என்ற சொல்லை எந்தக் காலகட்டத்துக்கு வைப்பது என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

அதெல்லாம் பழங்கதை. இப்போது பக்தர்களிடமே கொடுத்துவிட்டால் என்ன? (மதுரையிலிருந்து ஓர் அம்மா)

எந்தப் பக்தரிடம், அம்மா?

உங்கள் ஊரையே எடுத்துக்கொள்வோம். 1939 ஜூலை 8. அ. வைத்தியநாத ஐயர், அதுவரை சாதியைக் காட்டி உள்ளே விடப்படாத கக்கன் உள்ளிட்டவர்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். வாசலில் வரவேற்றவர் கோயிலின் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு. அவர் அறநிலைய ஏற்பாட்டின் கீழ் நியமிக்கப்பட்டவர். பரம்பரை உரிமையில் வந்தவர் அல்லர். பட்டர்கள், அதாவது அர்ச்சகர்கள், சிலர் பூசை செய்ய மறுத்தார்கள். ராஜாஜி அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்து, நுழைந்தவர்கள்மீதும் நுழையவிட்டவர்கள்மீதும் வழக்கு வராமல் காத்தது. மறுத்த பட்டரும் பக்தர்தான், உள்ளே போன கக்கனும் பக்தர்தான். அன்றைக்குச் சாவி ‘பக்தர்களிடம்’ இருந்திருந்தால் கதவு திறந்திருக்குமா என்பதை யோசித்துப் பாருங்கள்.

இதைச் சொல்வதால் அரசு நிர்வாகம் நன்றாக இருக்கிறது என்று நான் சொல்வதாக ஆகாது. சட்டப்படி கோயிலை நடத்த வேண்டியது அறங்காவலர் குழு. குழு அமைக்காத காலத்துக்கு இடைக்கால ஏற்பாடாகத் ‘தக்கார்’ என்று ஒருவரை நியமிப்பார்கள். பல கோயில்களில் இந்த இடைக்காலம் ஆண்டுக்கணக்கில் நீண்டுவிடுகிறது. தக்காரும் துறை அலுவலர், செயல் அலுவலரும் துறை அலுவலர். ஒருவர் எழுதிய கோப்பில் இன்னொருவர் கையெழுத்துப் போட்டால் கண்காணிப்பு எங்கே? சிதம்பரம் நடராசர் கோயில் வழக்கில் 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைத்தான் கண்டித்தது. தவறு இருந்தால் சரிசெய்யக் குறிப்பிட்ட காலத்துக்கு நிர்வாகத்தை எடுக்கலாம், சரிசெய்ததும் திருப்பிக் கொடுக்க வேண்டும், அதிலேயே குடியிருக்கக் கூடாது என்றது. சிதம்பரத் தீர்ப்பு எனக்கு முழுக்க உடன்பாடில்லை, ஆனால் இந்த ஒரு விஷயத்தில் நீதிமன்றம் சொன்னது சரி.

உண்டியல் பணம் அரசு கஜானாவுக்குப் போகிறதா? ஆம், இல்லை என்று சொல்லுங்கள். (கோவை)

இல்லை. அந்தந்தக் கோயில் கணக்கில்தான் வரவு வைக்கப்படுகிறது. உண்டியல் எண்ணும் இடத்துக்கு ஒருமுறை போய்ப் பாருங்கள். முத்திரையை எல்லோர் முன்னிலையிலும் உடைத்துத் தரையில் கொட்டுவார்கள். கசங்கிய பத்து ரூபாய் நோட்டு, மஞ்சள் துணியில் முடிந்த காசு, தாலிப் பொட்டு, பரீட்சையில் தேற வேண்டும் என்று எழுதிய சீட்டு எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். மாலைக்குள் எண்ணி வங்கிக்குக் கட்டிவிடுவார்கள்.

அதிலிருந்து அரசுக்குப் போவது இரண்டு. வருமானத்துக்கேற்ப அதிகபட்சம் 12 சதவீதம் நிர்வாகப் பங்களிப்பு, 4 சதவீதம் வரை தணிக்கைக் கட்டணம். துறை அலுவலர் சம்பளத்தை அரசு கொடுத்துவிட்டு அதற்கு ஈடாக வாங்குவது இது. அதிகம் என்றால் என்னோடு சேர்ந்து கேளுங்கள். ஆனால் உண்டியலைக் கொண்டு பாலம் கட்டுகிறார்கள் என்பது வாட்ஸ்அப் கதை. பெரிய கோயிலின் உபரியை வேறு காரியத்துக்குத் திருப்புவது பற்றிய கேள்வி வேறு, அது நியாயமான கேள்வி. கோயில் பணத்தில் கல்லூரி தொடங்கிய விவகாரம் 2021இல் உயர் நீதிமன்றம் வரை போனது அதனால்தான்.

மசூதியிலும் தேவாலயத்திலும் இப்படிக் கை வைப்பார்களா? (பெயர் வேண்டாம் என்றவர்)

வக்ஃபு சொத்துகளுக்கு வாரியமும் சட்டமும் இருக்கின்றன. பஞ்சாபின் குருத்வாராக்களுக்கு 1925இலேயே சட்டம் வந்தது. தேவாலயச் சொத்துகள் பெரும்பாலும் சங்கமாகவோ அறக்கட்டளையாகவோ பதிவுசெய்யப்பட்டிருக்கின்றன. அவற்றுக்கு அறநிலையத் துறை போல ஒன்று இல்லை. ஆக, சமம் இல்லை என்பது உண்மை, மறைக்க வேண்டியதில்லை. தேவாலய நிலங்களுக்கும் கண்காணிப்பு வேண்டும் என்று கேட்கும் கிறிஸ்தவர்களை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. அறநிலையச் சட்டத்தின் 10ஆவது பிரிவின்படி ஆணையர் முதல் கீழ்நிலை அலுவலர் வரை இந்துவாகத்தான் இருக்க வேண்டும். 2025ஆம் ஆண்டு வக்ஃபு திருத்தச் சட்டமோ முஸ்லிம் அல்லாதவரையும் வாரியத்தில் சேர்க்க வேண்டும் என்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துவிட்டு ‘கை வைப்பது’ பற்றிப் பேசுவோம்.

அனைத்துச் சாதியினரும் அர்ச்சகர் ஆவது ஆகமத்துக்கு விரோதமா? (கும்பகோணம்)

1970இல் பரம்பரை அர்ச்சகர் முறையைச் சட்டம் நீக்கியது. 1972இல் சேஷம்மாள் வழக்கில் உச்ச நீதிமன்றம், நியமனம் உலகியல் காரியம், ஆகவே சட்டம் செல்லும், ஆனால் கோயில் வழிபாட்டு விதிநூலான ஆகமத்தை மீற முடியாது என்றது. ஒரு கையால் கொடுத்து மறுகையால் பிடித்துக்கொண்ட தீர்ப்பு. 2006 அரசாணை, பயிற்சிப் பள்ளிகள், மறுபடி வழக்கு, 2015இல் மறுபடி அதே ‘ஆகமப்படி’ தீர்ப்பு. 2021 ஆகஸ்ட் 14 அன்று பயிற்சி முடித்த 24 பேருக்குப் பணி ஆணை கொடுத்தார்கள். சட்டம் வந்து 51 ஆண்டுகள் கழித்து.

எந்தக் கோயில் எந்த ஆகமப்படி கட்டப்பட்டது, அந்த ஆகமம் உண்மையில் என்ன சொல்கிறது என்று கோயில் கோயிலாகப் பட்டியல் போடாமல் இந்த வாதம் தீராது. ஆகமம் என்று நீதிமன்றத்தில் முழங்கியவர்களில் அதைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று கேட்காதீர்கள், என் நண்பர்களும் அதில் இருக்கிறார்கள்.

கிடா வெட்டுத் தடையைப் பற்றி எழுதுங்கள். எங்கள் ஊரில் பட்டோம். (தேனி)

எழுத வேண்டியதுதான். 1950லேயே கோயிலில் ஆடு, கோழி பலியிடக் கூடாது என்று சட்டம் போட்டுவிட்டார்கள். அது அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்தது. 2003இல் அன்றைய முதல்வர் ஜெயலலிதா அதைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னார். திடீரென்று முனியாண்டியும் கருப்பசாமியும் சட்டவிரோதிகள் ஆகிவிட்டார்கள்.

அந்த ஆண்டு எங்கள் குலதெய்வக் கோயிலில் இருந்தேன். கோயில் வாசலில் இரண்டு காவலர்கள் வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மாலை போட்ட கிடா தலையைச் சிலுப்பிக்கொண்டு நின்றது. பூசாரி ஒரு வார்த்தை பேசாமல் அதை ஓடைக்கு அந்தப் பக்கம் ஓட்டிக்கொண்டு போனார். ஓடைக்கு அப்பால் கோயில் எல்லை இல்லை. மதியப் பந்தியில் காவலர்களும் உட்கார்ந்தார்கள்.

ஜீவகாருண்யம் பேசுவது தவறில்லை. ஆனால் அந்தச் சட்டம் கறிக்கடையைத் தொடவில்லை, சாமிக்குமுன் வெட்டுவதை மட்டும் தொட்டது. சைவ உணவு உண்ணும் சாமிதான் சாமி என்று ஒருவருடைய பக்தியைப் பொது விதியாக்கி இன்னொருவருடைய பக்தியைக் குற்றமாக்கியது. அரசு மதத்தில் தலையிடும்போது எந்த மதம் என்று மட்டும் கேட்டால் போதாது. அந்த மதத்துக்குள் யாருடைய வழக்கம் என்றும் கேட்க வேண்டும். மக்கள் கேட்டார்கள். 2004 தொடக்கத்தில் அரசே சட்டத்தைத் திரும்பப் பெற்றது.

எங்கள் பக்கம் கோயில்கள் தனியாரிடமே இருக்கின்றன. நன்றாகத்தானே நடக்கின்றன? (யாழ்ப்பாணம்)

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் நேரந்தவறாத ஒழுங்கை நானும் பார்த்து வியந்திருக்கிறேன். நிர்வாகத்தில் நீங்கள் எங்களுக்குப் பாடம் சொல்லலாம். ஆனால் 1957இல் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் வந்த பிறகும் 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே விடக் கேட்டுச் சத்தியாக்கிரகம் இருக்க நேர்ந்ததே, ஐயா. சட்டம் இருந்தது. கதவைத் திறக்க அதிகாரமுள்ள கை கோயிலுக்குள் இல்லை.

ஐயர் இல்லாமல் செய்த திருமணம் செல்லுமா? (சேலம்)

செல்லும். இந்துத் திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு சேர்த்த 7-ஏ பிரிவு, 1967இல் அண்ணா ஆட்சியில் நிறைவேறியது. உறவினர், நண்பர் முன்னிலையில் ஒருவரையொருவர் ஏற்பதாகச் சொல்லி மாலை மாற்றினாலோ மோதிரம் அணிவித்தாலோ தாலி கட்டினாலோ போதும். முன்பு நடந்த சுயமரியாதைத் திருமணங்களையும் சேர்த்தே செல்லுபடியாக்கினார்கள். நம்பிக்கை இல்லாதவர்களுக்கும் சட்டத்தில் ஓர் இடம் உண்டு என்பதற்கு இந்தப் பிரிவைக் காட்டலாம்.

கன்னியாகுமரிக் கோயில்களுக்கு அரசமைப்புச் சட்டத்திலேயே பணம் ஒதுக்கியிருக்கிறதாமே? (நாகர்கோவில்)

ஆமாம், 290-ஏ பிரிவு. திருவிதாங்கூரிலிருந்து தமிழ்நாட்டுக்கு வந்த பகுதிக் கோயில்களுக்காக ஆண்டுக்கு பதின்மூன்றரை லட்சம் ரூபாய். 1956இல் அது பெரிய தொகை.

எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்கு நிலம் இருந்ததாகத் தாத்தா சொல்வார். எப்படிக் கண்டுபிடிப்பது? (தஞ்சாவூர் மாவட்டம்)

நல்ல கேள்வியைக் கடைசியில் கேட்டீர்கள். தமிழ்நாட்டுக் கோயில்களுக்கு மொத்தம் 4.78 லட்சம் ஏக்கர் நிலம் என்று துறைக் கணக்கு. தாளில் இருப்பது முழுவதும் தரையில் கோயில் வசம் இல்லை.

முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைப் பார்க்கக் கேளுங்கள். நில உடைமையாளர் இடத்தில் தேவஸ்தானம் என்றோ சுவாமி பெயரோ இருக்கும். சாமி பெயரைப் பழைய எழுத்தில் பல மாதிரி எழுதியிருப்பார்கள், ஒன்று கிடைக்கவில்லை என்று விட்டுவிடாதீர்கள். அந்தப் புல எண்களைக் குறித்துக்கொண்டு, இப்போதைய சிட்டாவில் யார் பெயர் இருக்கிறது என்று ஒப்பிடுங்கள். பிறகு கோயில் அலுவலகத்தில் அறநிலையச் சட்டத்தின் 29ஆவது பிரிவுப்படி வைத்திருக்க வேண்டிய சொத்துப் பதிவேட்டைக் கேளுங்கள். கோயில் கணக்கு ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டில், அதாவது பழைய வருவாய்த்துறை ஆண்டில் இருக்கும், ஆங்கில ஆண்டு வேண்டுமென்றால் 590 கூட்டிக்கொள்ளுங்கள். தர மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப்போடுங்கள். மூன்று பட்டியலும் ஒத்துப்போகாத புல எண் எதுவோ அதை எனக்கு எழுதுங்கள்.